உன் காலுக்குள் இருக்கும் தங்க நிறம்

மகனே,

சனிக்கிழமை நீ ஓசூரிலிருந்து வந்து, பையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, மேஜைமேல் இருக்கும் வெள்ளை அட்டைப் பெட்டியைத்தான் முதலில் திறப்பாய். மூடி வைத்த பெட்டியைப் பார்த்தால் உனக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருக்கும். இந்தக் கடிதம் வலது கால் ஷூவுக்குள் இருக்கும். அந்தக் காலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதனால் அங்கேயே வைத்தேன். வாரம் தவறாமல் பார்க்கிற பையனுக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று சிரிப்பாய். நேரில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீ "வுடும்மா" என்பாய், எனக்கு அழுகை வந்துவிடும், உங்க அப்பா டீ போட்டுக்கொண்டு வந்து நடுவில் வைப்பார், டீயோடு விஷயம் முடிந்துவிடும். போன தடவையும் அப்படித்தான் முடிந்தது. கோபம் வந்தால் வரட்டும். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஷூவை அனுப்பியது ரேவதி. போன வாரம் எனக்குப் போன் செய்து, "அத்தை, அவுருக்கு சைஸு எட்டா ஒம்பதா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "சொல்லுங்களேன், அவுரு கிட்ட சொல்லிடாதீங்க" என்று சிரித்தாள். எட்டு என்று சொல்லி வைத்தேன். நேற்று ஆம்பூரிலிருந்து அவள் தம்பி வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் வேலை செய்கிற ஃபேக்டரியில் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு, மேல்பாகத்தை அவளே தன் மெஷினில் தைத்து, உனக்கென்று செய்யச் சொல்லியிருக்கிறாள். உள்ளே கையை விட்டுப் பார். குதிகால் பக்கம் மெத்தென்று இருக்கும். ஆட்டுத்தோல் லைனிங்குக்கு அடியில் ரெண்டு மடங்கு பஞ்சு வைத்திருக்கிறாள். கூடவே ஒரு சின்ன அட்டை வைத்து, "இது கடிக்காது" என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் ரெண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய்க்கு அந்தப் பெண் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறாள்.

சேர்ந்து என்று எழுதிவிட்டேன், அது தப்பு. சொன்னது நான்தான். பெண் பார்க்கப் போன அன்று நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அவர்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து. நீ ஏறி வந்து உட்காரும்போது வலது காலைக் கொஞ்சம் பார்த்து வைத்தாய். ரேவதியின் அப்பா ஷூ ஃபேக்டரியில் முப்பது வருடம் தோல் வெட்டியவர், அவர் கண் முதலில் காலுக்குத்தான் போகும். "தம்பி ஒரு கால பாத்து வெக்கிறாப்ல இருக்கே?" என்றார். நீ வாயைத் திறந்தாய். சொல்லத்தான் போனாய், எனக்குத் தெரியும். நான் உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புது ஷூண்ணா, கடிச்சிடுச்சி" என்றேன். நீ வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஷூவை அவர் எட்டிப் பார்த்து, "இன்னா மாலு இது, நம்ம ஊரு சரக்கு இல்லியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஊரே ஷூ தைக்கிற இடத்தில் ஷூ கடித்தது என்றால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடாதா? எந்தக் கம்பெனி, எந்த சோல், எங்கே தையல் என்று பத்து நிமிடம் போனது. காபி கொண்டுவந்த ரேவதி மட்டும் சிரிக்காமல் உன் குதிகாலையே பார்த்தாள். பாவம் என்று நினைத்திருப்பாள். அன்றைக்கே மனதுக்குள் உனக்கு ஷூ தைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

இனி உன் காலுக்குள் இருப்பதைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பற்றி எழுத இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிடத் தகுதியான அம்மா யார் இருக்கிறாள்? நீ மூன்றாம் வகுப்பில் "என் அம்மா" என்று கட்டுரை எழுதினாயே, நினைவிருக்கிறதா? "என் அம்மா கம்பெனியில் ஆணிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்" என்று எழுதி, டீச்சரிடம் பத்துக்கு எட்டு வாங்கிவந்தாய். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோற்றுக்கு உப்பு போட மறந்துவிட்டேன். பெயிண்டாம், ஆணியாம்! அந்த வருடம் ஆயுத பூஜை அன்று உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். டேங்குக்குக் கரண்ட் கொடுக்கிற ரெக்டிபையருக்குச் சந்தனம், குங்குமம், டேங்குக்கு வாழைக்கன்று, பொரி, சுண்டல் எல்லாம் முடிந்ததும் எங்கள் சூப்பர்வைசர் அன்வர் பாயிடம், "பாய், இவனுக்கு ஒரு தடவ காட்டணும்" என்றேன். "காட்டும்மா, பெயிண்டருன்னு எழுதிட்டானே உன்ன, பேஜாரு" என்று சிரித்தார். ஊருக்கே சொல்லியிருந்தேன் போல.

சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு டைட்டானியத் தகட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆசிட்டில் முக்கி, சுத்தத் தண்ணீரில் அலசி, கொக்கியில் மாட்டி டேங்கில் இறக்கினேன். டேங்கில் இருப்பது உப்பு கரைத்த தண்ணீர் போலத்தான் இருக்கும், அதில் எந்தச் சாயமும் கிடையாது. பிளஸ் வயரைத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டு ரெக்டிபையரின் திருகை மெல்லத் திருப்பினேன். நீ டேங்கின் விளிம்பைப் பிடிக்கப் போனாய், அன்வர் பாய் உன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தகடு முதலில் பழுப்பானது, அப்புறம் ஊதா, கருநீலம், வெளிர்நீலம், வைக்கோல் மஞ்சள், தங்கம், ரோஜா, மயில்கழுத்து, கடைசியில் பச்சை. "கலரு எங்கம்மா இருந்துச்சி?" என்று கேட்டாய். இருபது வருடத்தில் அதைவிட நல்ல கேள்வியைத் தரம் பார்க்க வருகிற எந்த ஆடிட்டரும் எங்களிடம் கேட்டதில்லை. "சிவப்பு வராதா?" என்றும் கேட்டாய். நல்ல சிவப்பு அதில் வராது என்றதும் உனக்கு முகம் சுருங்கிவிட்டது.

கலர் எங்கே இருந்தது என்று அன்றைக்கு உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, சொன்னாலும் புரிந்திருக்காது. டைட்டானியத்தின் மேல் இயற்கையாகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் இருக்கும். கரண்ட் கொடுத்தால் பாலின் மேல் ஆடை தடிப்பதுபோல அது தடிக்கும். இத்தனை வோல்ட் என்றால் இத்தனை தடிமன், அந்த அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். அந்தப் படலத்துக்கு நிறமே இல்லை, கண்ணாடி மாதிரிதான். அதன் மேல்பக்கம் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும், உள்ளே போய் உலோகத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் கலக்கும்போதுதான் நம் கண்ணுக்கு நிறம் தெரிகிறது. மழைக்காலத்தில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து மினுக்குமே, அதே சங்கதிதான். அதனால் அடியில் இருப்பதை இந்த நிறம் மறைக்காது. கீறல் இருந்தால் கீறல் தெரியும். நான் சேர்ந்த முதல் வாரம் தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு ஒரு தகட்டைத் தொட்டுவிட்டேன். எல்லாம் நீலமாக வந்தது, நடுவில் என் கட்டைவிரல் மட்டும் வரி வரியாகத் தனியாகத் தெரிந்தது. அன்வர் பாய் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "யாரு ரேகைம்மா இது? கைநாட்டு வெச்சிட்டியா?" என்றார். அன்றிலிருந்து கையுறை இல்லாமல் நான் எதையும் தொட்டதில்லை. கொக்கி பிடித்திருக்கிற இடத்தில் மட்டும் கலர் ஏறாது, சின்னப் புள்ளியாக வெறுமையாக நிற்கும். அதையும் மறைக்க முடியாது.

உங்க அப்பா வேலை இதற்கு நேர் எதிர். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஃபினிஷிங் செக்‌ஷன். உண்ணி கடித்த வடு, முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, மாடு உயிரோடு இருந்தபோது பட்டதெல்லாம் தோலில் அப்படியே இருக்கும். அதன்மேல் ஸ்பிரே கன்னால் கலர் அடித்து, சூடான தகட்டில் அழுத்தி, வழுவழு என்று ஆக்கிவிடுவார். "நீ பட்டத காட்டுற, நான் பட்டத மூடுறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்று என்னைக் கேலி செய்வார். நம் வீட்டில் ரெண்டு சம்பளமும் ஃபினிஷிங்கில் வந்ததுதான், நீ படித்தது அதில்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் மூடுகிறவர் என்பதால் பெண் வீட்டில் நான் சொன்னதை அவர் கண்டுகொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் போடுகிற நிறம் எதற்கு என்று கேட்டால், அழகுக்கு என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அழகுக்கும் உண்டு. கடிகாரம், மூக்குக்கண்ணாடி பிரேம், காதுக் கம்மல் எல்லாம் சில கம்பெனிகளில் செய்கிறார்கள். விமானத்துக்குப் போகிற சாமான்களுக்கு வேறு விதம், அது மங்கிய சாம்பலாகத்தான் இருக்கும். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அது நடக்காமல் இருக்க அந்தப் படலம். பல் டாக்டர்கள் ஈறுக்குள் வைக்கிற துண்டைத் தங்க நிறத்திலோ ரோஜா நிறத்திலோ கேட்பார்கள், சாம்பலாக இருந்தால் ஈறு கறுத்துத் தெரியுமாம். ஆனால் எங்கள் டேங்கில் முக்கால்வாசி எலும்புக்குப் போகிற ஸ்க்ரூவும் ப்ளேட்டும்தான். ஒரு சைஸுக்கு ஒரு நிறம். எங்கள் கம்பெனியில் சின்ன ஸ்க்ரூ நீலம், அதைவிட அரை மில்லி பெரியது தங்கம். ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக் கையோடு நிற்கிற டாக்டர், ஸ்க்ரூ தலையில் பொடி எழுத்தில் இருக்கிற நம்பரைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. நிறத்தைப் பார்த்துத்தான் கை போகும்.

இதில் நான் செய்த ஒரு காரியத்தை உங்க அப்பாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. உன் பத்தாம் வகுப்பு மார்க் வந்த நாள். காலையிலிருந்து பக்கத்து டேங்க் செல்வியிடம் உன் கணக்கு மார்க்கைப் பீற்றிக்கொண்டே வேலை செய்தேன். முந்தின ட்ரே தங்கம், ரெக்டிபையர் அறுபது வோல்ட்டில் நின்றது. அடுத்தது நீலம், முப்பதுக்குக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். நான் "நூத்துக்குத் தொண்ணூத்தி ஆறு" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். நாற்பது சின்ன ஸ்க்ரூவும் கண் எதிரே தங்கமாகிவிட்டது. குறைத்து வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. படலம் தடித்தது தடித்ததுதான், வோல்ட்டைக் குறைத்தால் மெலியாது. அன்வர் பாயிடம் சொன்னால் திட்டுவார், எல்லோர் எதிரிலும் மானம் போகும். பக்கத்தில் தங்க நிறப் பெரிய ஸ்க்ரூ ட்ரே இருந்தது. நான் யாரும் பார்க்காதபோது நாற்பதையும் அதில் கொட்டிக் கலந்துவிட்டேன். அரை மில்லி வித்தியாசம் வெறும் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

சாயங்காலம் வந்து உனக்குக் கேசரி கிண்டினேன். நீ சாப்பிட்டாய், என்னால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. யாரோ ஒருவர் காலை நினைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்க் கம்பெனி கேட்டில் நின்றேன். அன்வர் பாய் சைக்கிளில் வந்தார். "இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரம்?" என்றார். சொன்னேன். அவர் நேராகப் போய்ப் பேக்கிங் ரூமைப் பூட்டினார். வெள்ளைத் துணியை விரித்து அந்த ட்ரேயை முழுக்கக் கொட்டி, ரெண்டு பேரும் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளந்தோம். முப்பத்தொன்பது கிடைத்தது. ஒன்று இல்லை. மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் தேடினோம். கடைசியில் அது என் ஏப்ரன் பையின் மடிப்பில் இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "ரிஜக்ட் ஆனா பரவால்லம்மா, ஜாஸ்தி போனா இன்னொரு தபா செய்வோம். கலரு பொய் சொல்லக் கூடாது. நர்ஸம்மா கலர பாத்து எடுத்துக் குடுக்கும், டாக்டரு கலர நம்பி போடுவாரு. நம்ம மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது, கலரு மட்டும்தான் தெரியும்." நாற்பதையும் ஆசிட்டில் போட்டு நிறத்தை முழுக்க எடுத்து, வெறும் உலோகமாக்கி, முதலிலிருந்து நீலம் ஏற்றினோம். ஒரு மாதம் என்னைக் கழுவுகிற இடத்தில் போட்டார், ரெக்டிபையர் பக்கம் விடவில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு வாய் ஏது?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒடுகத்தூர் ரோட்டில், காயப் போட்டிருந்த வேர்க்கடலைக் கொடியில் உன் வண்டி சறுக்கிக் கால் எலும்பு முறிந்ததும், வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோனதும் நேற்றுப்போல இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். மற்ற அம்மாக்கள் எல்லாம் பையன் நடப்பானா என்று கேட்பார்களாம். நான் கேட்டது, "உள்ள வெச்சது இன்னா கலர் சார்?" அவர் எதற்கு என்றார். எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "ப்ளேட்டு தங்கம், ஸ்க்ரூ நீலம்மா" என்றார். எங்கள் டேங்கில் போட்டதோ, எந்த ஊர் டேங்கில் போட்டதோ, யாருக்குத் தெரியும்? எனக்கு அறுபதும் முப்பதும் ஞாபகம் வந்தன. யாரோ ஒருத்தி திருகைச் சரியாகத் திருப்பி, சரியான நேரத்தில் சுவிட்ச் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, முகம் தெரியாத அவளுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கும்பிட்டேன்.

நீ நடக்க ஆரம்பித்ததும் அந்தக் காலை வைத்து அடித்த லூட்டி எனக்கு மறக்குமா? அரை டிராயரோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தழும்பைத் தொட வைத்து, "உள்ள தங்கம் இருக்கு, எங்கம்மா கலர் போட்டது" என்று கதை விடுவாய். அதற்கப்புறம் வரன் பார்க்க ஆரம்பித்தோம். முதல் வீட்டில், கால்ல இரும்பு வெச்ச பையனாமே என்றாள் ஒருத்தி. நான் சும்மா இருந்தேனா? "இரும்பு இல்லமா, டைட்டானியம். உங்க ஊட்டு பீரோதான் இரும்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உங்க அப்பா, "சரியாத்தான் சொன்னே, ஆனா பொண்ணு போச்சி" என்றார். ரெண்டாவது வீட்டில் எதுவும் சொல்லவில்லை, போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவதாக ரேவதி வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. ஊரிடம் சண்டை போட்ட நானே உன் காலை அன்றைக்கு ஒளித்துவைக்க வேண்டிய பொருளாக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் நீ வீட்டில் அரை டிராயர் போடவே இல்லை. சித்திரை வெயிலில்கூட முழு டிராக் பேன்ட்டோடு உட்கார்ந்திருக்கிறாய். போன மாதம் ரேவதி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அமிர்தி அருவிக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்று பொய் சொன்னாய். பேன்ட்டை மடித்துவிட வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவளோடு போனில் பேசும்போது உன் முகத்தில் வருகிற சிரிப்பையும் பார்க்கிறேன், போனை வைத்ததும் அது அணைகிற விதத்தையும் பார்க்கிறேன். உன் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்த இடத்தில்தான் இது ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னவளும் நான்தான். முடிந்தபிறகு எப்படிச் சொல்வது? ஒரு பொழுது அந்த ஸ்க்ரூக்களைக் கலந்து வைத்திருந்ததற்கே சோறு இறங்கவில்லை. இதைக் கலந்து மூன்று மாதம் ஆகிறது. பத்திரிகை அடித்தாயிற்று, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நாள் குறித்தாயிற்று, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்த ட்ரேயைப் போல இதுவும் இன்னும் பேக்கிங் ஆகவில்லை, கண்ணு.

இந்தக் கடிதத்தை "நீ ரேவதியிடம் சொல்லிவிடு" என்று முடிக்கத்தான் நேற்று உட்கார்ந்தேன். அந்த வரியை எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். கலந்தது நான், போய்ச் சொல்ல நீயா? ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஆம்பூர் போகிறேன். சம்பந்தி எதிரில் உட்கார்ந்து, "ஷூ கடிக்கலண்ணா, நான் பொய் சொல்ட்டேன், என் பையன் சொல்ல வந்தான், நான்தான் தடுத்தேன்" என்று சொல்லப்போகிறேன். அவர் கோபப்பட்டால் நியாயம். ரேவதி இந்த ஷூவைத் திருப்பிக் கேட்டாலும் நியாயம். கல்யாணம் நின்றுபோனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் அவள் தெரிந்துகொண்டு உன் கையைப் பிடிக்க வேண்டும், இல்லை தெரிந்துகொண்டு விட வேண்டும். அந்தத் தீர்மானம் அவளுடையது, அதை நான் அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்க அப்பாவிடம் இன்று காலையில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூடுறதுதானே உங்க வேலை, இதையும் மூடிடலாம்னு சொல்லுவீங்களா என்று நானே முந்திக்கொண்டு கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னாமே பேசறே? நாங்க மேல கலர் அடிப்போம். ஆனா எந்த கிரேடுன்னு தோலு பின்னாடி எழுதிதான் அனுப்புவோம். வாங்குறவன் திருப்பிப் பாத்துட்டுதான் வாங்குவான். பின்னாடி எழுதாம ஒரு தோலு கூட எங்க ஷாப்ப வுட்டு போனதில்ல" என்றார். இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தி இது எனக்குத் தெரியாது. அவரும் வருகிறேன் என்றார், சட்டையை இப்போதே இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

நீ வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். உன்னை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது போதும். ஆனால் வருவதாக இருந்தால் ரெண்டு விஷயம். அந்த ஷூவைப் போடாதே. அதைப் போடச் சொல்ல வேண்டியவள் அவள், எல்லாம் தெரிந்தபிறகு சொல்லட்டும். பேன்ட்டும் வேண்டாம், உன் வெள்ளை வேட்டியைத் துவைத்து மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். பெரியவர்கள் எதிரில் வேட்டியை மடித்துக் கட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து உன்னை அதட்டியே வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது, அம்மா சொல்கிறேன், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு ஏறு.

உன் அம்மா